ஒரு பக்கத்து ரோஜா

"கடையைச் சாத்தப் போறோம்," என்றார் ஸ்டூடியோக்காரர், பட்டப்பகலில்.

"கதவு திறந்துதானே இருக்கு?" என்றாள் அண்ணி.

"உங்க கையில அந்தப் பலகையைப் பார்த்தேன். உடனே சாத்தணும்போல ஆயிடுச்சு."

பதில் மைக்குக்குப் பிடித்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இந்த மனுஷரோடு ஆசை தீர மல்லுக்கட்டியிருப்பான். வாய் ஓயாததால் வீட்டில் வைத்த பெயர்தான் மைக். வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கும் வேலையில் இருந்தான். புகார் சொன்னவர்களையே நக்கலடித்ததில் வேலை போயிற்று. துப்பறியும் அலுவலகம் நடத்தும் அண்ணன் மனைவிதான் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டாள். "ஆளைக் கோபப்படுத்தறது உனக்குக் கைவந்த கலை தம்பி. வேற எங்க போனாலும் அதுக்கு அடிதான் விழும். என் தொழில்ல அதுக்குச் சம்பளம் உண்டு."

ஆனால் இன்று அரட்டைக்கு நேரமில்லை. இருட்டுவதற்குள் ஒரு பெண், தன் ஐந்து வயது மகளை விட்டுவிட்டு, புகுந்த வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். அப்படித்தான் அந்த வீட்டில் முடிவாகியிருந்தது.

காலையில் அலுவலகத்துக்கு வந்து, அழாமல், முந்தானையைக் கூடக் கசக்காமல் அவள் சொன்ன கதை இது. அவள் அந்த வீட்டின் சின்ன மருமகள். போன வாரம் மாமனாருக்குப் பிறந்தநாள். ஹாலில் அவர் நாற்காலிக்கு முன்னால் மேஜை போட்டுக் கேக் வெட்டினார்கள். அன்று சாயந்திரமே மனுஷர் மயங்கி விழுந்தார். இரத்த அழுத்த மாத்திரை ஒரே நாளில் இரண்டு தடவை உள்ளே போயிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுதான் இன்னும் திரும்பவில்லை. தினமும் மாத்திரை கொடுப்பது சின்ன மருமகள். காலையில் கொடுத்ததோடு சரி, கேக் வெட்டும்போது நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் என்றாள் அவள்.

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. நடுவில் மாமனார், வலப்பக்கம் கேக்கும் பேரப்பிள்ளைகளும், இடப்பக்கம், மாத்திரை கொடுக்கிறவள் போலக் கையில் டம்ளரை நீட்டியபடி அவளும்.

எடுத்தவர் கணவனின் அண்ணன், அந்த வீட்டில் எல்லோரும் பயப்படும் பெரியவர். அவருடைய போன் அன்றிரவே ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் விழுந்து நொறுங்கிவிட்டது. எனவே குழுவில் வந்த படம்தான் படம்; அது சொன்னதுதான் தீர்ப்பு.

"அந்த வீட்டுல எந்த விசேஷப் போட்டோவிலயும் நான் இருக்க மாட்டேன் மேடம்," என்றாள் அவள். "எல்லாரும் சிரிச்சு நிக்கும்போது நான் அடுப்படியில இருப்பேன். எனக்குத் தெரிஞ்சு நான் இருக்கற ஒரே போட்டோ இதுதான்."

அந்தக் கடைசி வரிதான் அண்ணியை வழக்கை எடுக்க வைத்தது. "அதே போட்டோவை வெச்சு வேற ஏதாவது செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டதற்கு, அவள் துண்டில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்தது இந்த மரப்பலகை. முட்டை வடிவத்துக்குள் மாமனாரின் முகம். ஓரங்கள் வெள்ளையில் மெல்லக் கரைந்து போயிருந்தன. இடப்பக்கம் மட்டும், சம்பந்தமே இல்லாமல், கொழுகொழுவென்று ஒரு சிவப்பு ரோஜாக்கொத்து.

"பெரியவர் ஆளுங்கதானே நீங்க?" ஸ்டூடியோக்காரர் விடவில்லை. "இது என்ன கல்யாணப் பத்திரிகையான்னு அன்னிக்கே கத்திட்டுப் போயிட்டார். மறுபடியும் சண்டைக்கு ஆள் அனுப்பியிருக்காரா?"

"சண்டை இல்லை. ரோஜா ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்குன்னு சொல்லுங்க, போயிடறோம்."

"அழகுக்கு."

"அழகுக்குன்னா ரெண்டு பக்கமும் வெச்சிருப்பீங்களே?"

"டிசைன் பண்றது நானா நீங்களா? கிளம்புங்க."

அண்ணி மைக்கைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியும். சம்பளத்துக்கு வேலை செய்யும் நேரம்.

"விடுங்க அண்ணி, பாவம்," என்றான் கனிவாக. "மனுஷனுக்கு ஓரம் கரைக்கத் தெரியலை. மூணு பக்கம் எப்படியோ தட்டுத்தடுமாறிப் பண்ணிட்டார். நாலாவது பக்கம் சொதப்பிடுச்சு. பூவைத் தூக்கி மேல போட்டு மூடிட்டார். நம்ம பக்கத்து வீட்டுப் பையன் போன்லயே இதைவிட நல்லாப் பண்ணுவான்."

"யாருக்குய்யா தெரியாது?" ஸ்டூடியோக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "இங்க வா. இந்தப் பக்கம் வந்து நில்லு. வாயை மூடிட்டுப் பாரு."

கீபோர்டை ஓங்கித் தட்டினார். திரையில் படம் விரிந்தது. கேக், பேரப்பிள்ளைகள், மாமனார். மைக் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

படம் மாமனாரின் தோளோடு முடிந்திருந்தது. அதற்கு இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. டம்ளரும் இல்லை, மருமகளும் இல்லை.

ஸ்டூடியோக்காரர் முகத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு கோடு இழுத்தார். "இது வடிவம். இதை இப்படியே வெட்டினா கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இருக்கும். அதனால ஓரத்தை மிருதுவாக்கணும். இந்த எண்ணைக் கூட்டக் கூட்ட ஓரம் கரையும். பாரு."

எண் ஏறியது. நெற்றிக்கு மேலே படம் பனி மூடுவது போல வெள்ளைக்குள் மறைந்தது. வலக் கன்னத்துக்கு அப்பால் கேக்கின் மெழுகுவர்த்தி பாதி தெரிந்து, கால் தெரிந்து, இல்லாமல் போனது. கீழே சட்டைப் பொத்தான் கரைந்தது. இடப்பக்கம் மட்டும் அசையவில்லை. அரிவாளால் சீவியது போல ஒரு நேர்க்கோடு விறைத்துக்கொண்டு நின்றது.

"ஓரம் கரையணும்னா, கரையறதுக்கு அங்க படம் இருக்கணும். இங்க தோளோட படமே முடிஞ்சு போச்சு. இல்லாததை எங்கிருந்துய்யா நான் கரைக்கிறது? அதான் ரோஜா! இப்ப சொல்லு, யாருக்குத் தெரியாது?"

"எனக்குத்தான் தெரியாது சார்," என்றான் மைக் மனதார.

"இந்தப் படம் உங்களுக்கு எப்ப வந்துச்சு?" என்றாள் அண்ணி.

"பிறந்தநாள் அன்னிக்கே. கேக் வெட்டின கையோட அனுப்பிட்டார்."

"எனக்கு ஒரு பிரதி..."

"வாடிக்கையாளர் படத்தைக் கண்டவங்களுக்குக் குடுக்கறதில்லை. போலீசைக் கூட்டிட்டு வாங்க, காட்டறேன். இப்ப நிஜமாவே சாத்தறேன்."

சாத்தினார். ஷட்டர் இறங்கிய வேகத்தில் மைக்கின் மூக்கு தப்பியது பெரிய விஷயம்.

காரில் ஏறியதுமே அவன் தீர்ப்பெழுதிவிட்டான். "முடிஞ்சுது அண்ணி! முதல்ல எடுத்த படத்துல அந்தப் பொண்ணு இல்லை. அப்புறம் வந்த படத்துல இருக்கா. யாரோ இடப்பக்கம் படத்தை நீட்டி அவளை ஒட்டியிருக்காங்க. எடுத்தவர் பெரியவர். போனை உடைச்சுக்கிட்டவரும் பெரியவர். அவ வெளிய போனா வீடு மொத்தமும் அவர் ராஜ்ஜியம். நேராப் போய் ஆளைப் பிடிக்கறோம்."

"நான் பெரியவரா இருந்தா உனக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லுவேன்."

"என்னன்னு?"

"'வெட்டி அனுப்பினேன்'னு. முழுப் படம் குழுவுல வந்ததுதான், ஸ்டூடியோவுக்குத் தேவையில்லாததை வெட்டிட்டு அனுப்பினேன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

சிக்னலில் நின்றபோது, "அப்ப நம்மகிட்ட என்னதான் அண்ணி இருக்கு?" என்றான் மைக்.

"ஒரு ரோஜா," என்றாள் அண்ணி.

அந்த வீட்டு ஹாலில் அவர்களை உட்காரச் சொல்ல ஆளில்லை. ஜன்னலோரம் மாமனாரின் கட்டில், போர்வை மடித்தபடி காலியாக இருந்தது. அதை ஒட்டி அவர் நாற்காலி. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். அவருடைய தம்பி, அந்தப் பெண்ணின் கணவன், செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோபாவில் மடிக்கணினிப் பையோடு அமர்ந்திருந்தாள் நாத்தனார், இரண்டு ஆண்களுக்கும் தங்கை. வெளியூரில் வாழ்க்கைப்பட்டு விசேஷங்களுக்கு மட்டும் வருகிறவள். வாழ்த்து அட்டைகளும் அழைப்பிதழ்களும் வடிவமைப்பது அவள் தொழில். சமையலறை வாசலில், எங்கே நிற்பது என்று தெரியாதவளாகச் சின்ன மருமகள்.

"துப்பறிய ஆள் வெச்சுக் குடும்பம் நடத்தறவளை இப்பத்தான் பார்க்கறேன்," என்றாள் நாத்தனார்.

"வாட்ஸ்அப்ல கோர்ட் நடத்தறவங்களை நாங்களும் இப்பத்தான் பார்க்கறோம்," என்றான் மைக்.

"யாருய்யா நீ?" பெரியவர் ஓர் அடி முன்னால் வந்தார். "எங்கப்பா ஆஸ்பத்திரியில வாய் பேச முடியாமக் கிடக்கார். நீ வந்து என் வீட்டுல நின்னு ஜோக்கடிக்கறியா? அஞ்சு நிமிஷம். சொல்ல வந்ததைச் சொல்லிட்டுக் கிளம்பு."

அண்ணி பலகையை மேஜையில் வைத்தாள். ஸ்டூடியோவில் பார்த்ததைச் சொன்னாள். ஓரம் கரைய அங்கே படம் இல்லை, அதனால்தான் ரோஜா. அன்று அனுப்பிய படம் தோளோடு முடிந்துவிட்டது. பெரியவரின் புருவம் ஏறியது. தம்பி முதல்முறையாகத் தலையைத் தூக்கினான்.

நாத்தனார் கலகலவென்று சிரித்தாள். "இந்த அசிங்கத்தைப் பார்த்த அன்னிக்கே சொன்னேன், என்கிட்ட குடுத்திருந்தா அழகா ஹார்ட் வடிவத்துல பண்ணியிருப்பேன்னு. மேடம், இது என் தொழில். ஓரம் கரையலைன்னா, படத்தை வெட்டி அனுப்பியிருக்காங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான். அண்ணன் எனக்கு முழுசா அனுப்பினான், நான் அதை அப்படியே குழுவுல போட்டேன். ஸ்டூடியோவுக்கு வெட்டி அனுப்பியிருப்பான். என்ன அண்ணா?"

பெரியவர் நெற்றியைத் தேய்த்தார். "இருக்கலாம். அன்னிக்கு இருந்த அவசரத்துல எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை."

"கேட்டாச்சா?" நாத்தனார் சமையலறைப் பக்கம் திரும்பினாள். "பூவைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கறா. பொட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. பாப்பாவை நாங்க பார்த்துக்கறோம்."

சின்ன மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் மறுபடியும் செருப்பைப் பார்த்தான்.

அண்ணி, கால் வலிக்கிறவள் போல, நேராகப் போய் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய்! எழுந்திரு!" பெரியவரின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அது எங்கப்பா நாற்காலி!"

எழுந்திருக்கத்தான் பார்த்தாள். கட்டில் பக்கமாக முழங்கையை ஊன்ற, முழங்கை காற்றில் இறங்கியது. அண்ணி பாதி கட்டில்மேலேயே சரிந்தாள். மைக் ஓடிவந்து தாங்கினான். அந்தப் பக்கம் நாற்காலிக்குக் கையே இல்லை. இருந்த இடத்தில் ரம்பம் போன தடம் மட்டும்.

அண்ணி அந்தத் தடத்தை விரலால் தடவினாள். அப்படியே நிமிர்ந்தாள். "இந்தக் கை எங்க?"

"உனக்கெதுக்கு?"

"சொல்லுங்க பெரியவரே. எங்க?"

"நான்தான் அறுத்தேன்." சிடுசிடுப்பு குறையவில்லை. "கட்டில்ல இருந்து அப்பாவை அப்படியே நகர்த்தி உட்கார வைக்கணும். அந்தக் கை அவர் இடுப்புல இடிக்கும். அறுத்து ரெண்டு மாசம் ஆச்சு. தினமும் காலையில நான் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம்..." சமையலறை வாசலைக் காட்டிய அவர் கை பாதியில் நின்றது.

"குழுவுல வந்த போட்டோவை எடுங்க. பெரிசு பண்ணுங்க. அவ முகத்தை விடுங்க. இவ்வளவு நாளா எல்லாரும் அதையேதான் பார்த்துட்டிருக்கீங்க. நாற்காலியைப் பாருங்க."

பெரியவர் தம்பியின் போனைப் பிடுங்கினார். இரண்டு விரலால் விரித்தார். மைக் எட்டிப் பார்த்தான்.

போட்டோவில் நாற்காலிக்கு இரண்டு கை இருந்தது. வலது கையில் சூடான டம்ளர் வைத்த வட்டக் கறை. இடது கையிலும் அதே வட்டக் கறை, அதே இடத்தில், கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி.

"இருக்கற கையைப் பிரதி எடுத்து, திருப்பி, இந்தப் பக்கம் ஒட்டியிருக்காங்க," என்றாள் அண்ணி. "ஓரமெல்லாம் அழகாக் கரைஞ்சிருக்கு. சுத்தமான வேலை. ஒரே ஒரு விஷயம்தான் அவங்களுக்குத் தெரியலை, அங்க கையே இல்லைன்னு. உங்கப்பா உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துல நின்னாலும் அது கண்ணுல படாது. பெரியவரே, நீங்க அறுத்தவர். மருமக தினமும் இதுல உங்கப்பாவைத் தூக்கி உட்கார வைக்கறவ. உங்க தம்பியும் இதே வீட்டுலதான் இருக்கார். இந்த வீட்டுல இருக்கற யாரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க முடியாது. அப்பாவை ஒரு தடவைகூட இந்த நாற்காலியில இருந்து தூக்கி விடாதவங்கதான் பண்ணியிருக்க முடியும்."

யாரும் நாத்தனாரைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் பட்ட பாடே போதுமானதாக இருந்தது.

பெரியவர்தான் முதலில் பேசினார். குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பக்கம் நீதானே நின்ன? 'என்னை எடுக்காதே அண்ணா, தலைகூட வாரலை'ன்னு கத்தினியே. அதனாலதான் போனை இந்தப் பக்கம் தள்ளிப் பிடிச்சேன். போட்டோவுல இவ நிக்கறதைப் பார்த்ததும், என் ஞாபகம்தான் தப்புன்னு விட்டுட்டேன்."

"அண்ணா, இவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"மாத்திரை யார் குடுத்தது?"

நாத்தனாரின் கை மடிக்கணினிப் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"டப்பா மேஜை மேலதான் இருந்துச்சு," என்றாள் கடைசியில். "அப்பா 'மாத்திரை'ன்னார். எப்பவாவது வர்ற பொண்ணு, என் கையால குடுக்கலாமேன்னு ஒரு ஆசை. காலையிலேயே போட்டுட்டார்னு எனக்கென்ன தெரியும்? சாயந்திரம் விழுந்துட்டார். அப்பாவைக் கொல்லப் பார்த்தவள்னு நீங்க எல்லாரும் என்னைப் பார்க்கப் போறீங்களேன்னு பயந்துட்டேன். அவ தினமும் குடுக்கறவ. அவ ஒரு தடவை தவறிட்டாள்னா யாரும் பெரிசா..."

"பெரிசா எடுத்துக்க மாட்டாங்கன்னு நினைச்சீங்களா?" சின்ன மருமகள் வாசலை விட்டு நகர்ந்து ஹாலுக்குள் வந்தாள். "என் பொண்ணை விட்டுட்டுப் போகச் சொன்னப்போ நீங்களும் இங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. 'கிளம்பு'ன்னு சொன்னதும் நீங்கதான்."

நாத்தனார் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் படத்துல என் கையில இருக்கற டம்ளர் எதுன்னு இப்பத்தான் ஞாபகம் வருது. போன லீவுல நீங்க வந்தப்போ உங்களுக்குத்தான் ஜூஸ் கொண்டு வந்தேன். 'அப்படியே நில்லு'ன்னு சொல்லி எடுத்தீங்க. சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. முதல் தடவையா ஒருத்தங்க என்னைப் படம் எடுக்கறாங்களேன்னு."

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்ற யாரும் போகவில்லை. பெரியவர் போனைக் கட்டில்மேல் வீசிவிட்டுச் சின்ன மருமகளின் எதிரில் வந்து நின்றார். அத்தனை உயரமான மனுஷருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேம்மா. அப்பாவுக்குப் பேச்சு வந்ததும் அவர்கிட்டயும் இதையே சொல்றேன். நீ எங்கயும் போக வேண்டாம்."

"நான் போறதா இருந்தாத்தானே அத்தான்?" என்றாள் அவள். "இருட்டினதும் பாப்பாவைத் தூக்கிட்டு மாடியில போய்க் கதவைச் சாத்திக்கறதாத்தான் இருந்தேன். உடைச்சாத்தான் உண்டு."

மைக் அண்ணியைப் பார்த்தான். அண்ணியின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, அங்கேயே நின்றது.

அப்போதுதான் கணவன் அருகில் வந்தான். அவள் தோளைத் தொடப்போன கை, தொடாமலே நின்றது. "எனக்கு முதல்லயே தெரியும், நீ பொய் சொல்ல மாட்டேன்னு..."

"எப்ப தெரியும்?"

அவன் அண்ணனைப் பார்த்தான்.

"எந்த நாள்ல இருந்து தெரியும்னு சொல்லுங்க. போட்டோ வந்த அன்னிக்கா? மறுநாளா? உங்கண்ணன் வெளிய போகச் சொன்னப்பவா? இல்லை, இவங்க வந்து நாற்காலியைக் காட்டினப்புறமா?"

இத்தனை நாள் வாய் பேசாமலிருந்ததற்கு இன்றைக்கு ஒரே ஒரு தேதி சொன்னால் போதும். அவனிடம் அது இல்லை.

மாடிப்படியில் சிறு காலடிகள் கேட்டன. பாதித் தூக்கத்தில் இறங்கி வந்த மகளைத் தாய் வாரி எடுத்துக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தில் முகம் புதைத்தது.

"இவ என்கூடத்தான் தூங்குவா. இன்னிக்கும், இனிமேலும்," என்று அவள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஹால்ல படுத்துக்கோங்க. அந்தத் தேதி ஞாபகம் வந்ததும் மேல வந்து கதவைத் தட்டுங்க."

படியேறிப் போனாள். மேலே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.